பத்தொன்பதாவது படிவம்

ஒவ்வொரு தவணை முடிவிலும் எங்கள் பாடசாலைக்கு ஒரு படிவம் வரும். அடிக்கடி வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயர்களை எழுதி, வராத காரணத்துக்கு நேரே சரி அடையாளம் போட்டு அனுப்ப வேண்டும். காரணங்களை அவர்களே அச்சடித்து அனுப்பிவிடுகிறார்கள். முதலாவது காரணம்: பெற்றோரின் அக்கறையின்மை. அந்தக் கட்டத்தில் நான் கை வைப்பதில்லை. அடிமட்டத்தை எடுத்து ஓரத்தில் இன்னொரு கட்டம் வரைந்து, 'பிள்ளைக் காம்பரா பூட்டியிருந்தது' என்று எழுதி, அதில் சரி போடுகிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று பெயர்.

இரண்டு நாளில் அலுவலகத்திலிருந்து போன் வரும்.

"டீச்சர், நீங்க போட்டிருக்கிற கட்டம் படிவத்துல இல்லையே?"

"இல்லன்னு தெரியுங்க. அதனாலதான் போட்டேன்."

எனக்குத் திமிர் அதிகம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். இந்தத் திமிர் எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. கல்லூரியில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதப் போய், முட்டாள்தனம் பண்ணி, அதிலிருந்து சம்பாதித்தது.

ஆசிரியர் பயிற்சியின் கடைசி வருடம் அது. ஆளுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து அதற்கு வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறாதவர்கள் தங்கள் அணியோடு நியமனம் பெற முடியாது, அடுத்த வருடம் வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான். வட்டகொடைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஓர் அறையான லயத்துக் காம்பராவில், நான் டீச்சர் ஆகிற நாளை எண்ணிக்கொண்டு அம்மா இருந்தார். ஒரு வருடம் பின்தங்குவது என்பது எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம்.

என் தலைப்பு, தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஆறாம் ஏழாம் வகுப்புகளில் ஏன் அடிக்கடி வராமல் போகிறார்கள் என்பது. எனக்கு வழிகாட்டியாக வந்த விரிவுரையாளரும் லயத்தில் பிறந்தவர்தான். மடிப்புக் கலையாத சட்டை, சிவப்பு மை பேனா. தலைப்பைக் கேட்டதும் சிரித்தார்.

"நல்ல தலைப்பு. முடிவு என்னன்னு தெரியும்தானே? நம்ம ஆளுங்களுக்கு அக்கறை கிடையாது. நானும் அங்க இருந்து வந்தவன்தான், எனக்குத் தெரியாததா? நீங்க தரவு மட்டும் எடுத்துட்டு வாங்க."

முடிவைக் கையில் கொடுத்துவிட்டுத் தரவைத் தேடச் சொல்வதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். நூலகத்தில் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே முடிவு. டவுனில் போட்டோகொப்பி கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் வினாக்கொத்தை அச்செடுக்கப் போனபோது அவர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"முடிவுரையும் வேணுமா மகள்? போன வருசத்துது, அதுக்கு முந்துன வருசத்துது எல்லாம் என்ட கம்ப்யூட்டர்ல ஈக்கி. தோட்டத்துப் பேர மட்டும் மாத்தினாப் போதும்."

அவர் கேலி பண்ணவில்லை, உதவி செய்வதாகத்தான் நினைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வினாக்கொத்துகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத் தோட்டத்தில் பிறந்த ஒருத்தி மட்டுமே செய்திருப்பாள். வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி என்றால் லயம் லயமாக ஏறி இறங்கி, நாய்க்குப் பயந்து, கதவைத் தட்டியிருப்பாள். எனக்கு அந்தச் சிரமம் எதற்கு? எங்களுக்கு எல்லாம் நடக்கிற இடம் பெரட்டுக்களம்தான். காலையில் எல்லாரும் கூடி, அன்றைக்கு யாருக்கு எந்த மலை, எந்த வேலை என்று கேட்டுக்கொண்டு போகிற இடம். ஊசி போடுவதாக இருந்தாலும், வாக்காளர் பட்டியல் பார்ப்பதாக இருந்தாலும், கோயில் திருவிழாவை அறிவிப்பதாக இருந்தாலும் அங்கேதான். நானும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் சொல்லி, ஒரு காலைப் பெரட்டில் வினாக்கொத்துகளோடு போய் நின்றேன்.

வேலைக்கு வருபவர்களின் பேரைப் பதிகிற கணக்கப்பிள்ளை கையில் புத்தகத்தோடு ஒரு பக்கம் நின்றார். அவருக்குப் பின்னால், மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நம்ம தோட்டத்துப் புள்ள காலேஜ்ல படிக்குது. கேக்குறதுக்கு எல்லாரும் ஒழுங்கா பதில் சொல்லணும். பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போகாம நிக்கிறதுக்கு யாரு காரணம்? தோட்டமா, பள்ளிக்கூடமா, ரோட்டு வசதியா, இல்ல நீங்களா?"

பேர் கொடுக்கிற மாதிரியே வரிசையாக ஒவ்வொருவராக வந்தார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். பெண் பிள்ளை பெற்ற முப்பத்திரண்டு தாய்மார். முப்பத்திரண்டு பேரும் ஒரே பதில்.

"நாங்கதாங்க."

அந்தப் பதிலையே 'அக்கறை: குறைவு' என்றும் எழுதிக்கொண்டேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. மற்றவர்கள் மாதக்கணக்கில் அலைந்து எடுக்கிற தரவை நான் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் எடுத்துவிட்டேன்.

விரிவுரையாளர் படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சபாஷ். இவ்வளவு சுத்தமான தரவை நான் கண்டதே இல்ல. அட்டவணை போட்டு, முடிவுரையை எழுதிக் கொண்டு வாங்க" என்றார். என் காரியம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் இன்றைக்கு நான் அச்சடித்த கட்டத்தில் ஒழுங்காகச் சரி போட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்து, தரையில் படிவங்களைப் பரப்பி அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கொழுந்துக் கறை படிந்த விரல்களைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுல எது என்னோடது?"

பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான் என்பது விதி. ஆனால் அம்மா எதிர்க் காம்பராக்காரிக்கு அடுத்ததாக நின்றார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது, அந்த அக்காவுடைய எண் எனக்கு ஞாபகம் இருந்தது. எண்ணிப் பார்த்து எடுத்தேன். பத்தொன்பது.

"வாசி பார்ப்போம்."

வாசித்தேன். 'பிள்ளையின் கல்வியில் அக்கறை: குறைவு. வரவின்மைக்குக் காரணம்: பெற்றோர்.' என் கையெழுத்து. வழக்கமான அழகான கையெழுத்து. மழையில் என் சப்பாத்தை மடிக்குள் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை என்னைத் தூக்கிக்கொண்டு நடந்த மனுசியை, காதில் கிடந்த தோட்டைக் கழற்றி என்னை உயர்தரம் படிக்க வைத்தவரை, பிள்ளையின் படிப்பில் அக்கறை குறைந்தவர் என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். அதை எழுதும்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதுவும் அம்மா மேல்.

"ஏம்மா இப்படிச் சொன்னீங்க?"

"பெரட்டுல நின்னு வேற என்னத்த சொல்றது?" என்றார் அம்மா, விரலைத் தேய்ப்பதை நிறுத்தாமல். "தோட்டம்னு சொன்னா கண்டாக்கு பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நாளைக்கு நம்மள உச்சி மலைக்குத்தான் அனுப்புவாரு. பள்ளிக்கூடம்னு சொன்னா, நீ நாளைக்கு அங்கதான் வேலைக்குப் போகணும். அங்க என்ன கேட்டாலும் தப்பு எங்களோடதுங்கன்னு சொல்லிட்டா பேரப் போட்டு அனுப்பிருவாங்க. இது ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். இருபத்து மூன்று வருடமாகத் தெரியும். பிந்தி வந்தால் தப்பு எங்களோடது. தராசு பிழைத்தால் தப்பு எங்களோடது. சின்ன வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் களத்தில் நின்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! கல்லூரிப் பேனா கைக்கு வந்ததும் அதைச் சுத்தமாக மறந்துபோய், கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கப்பிள்ளையாக நின்றிருக்கிறேன். 'நாங்கதாங்க' என்று அம்மா சொன்னது என்னிடம். பெற்ற மகளுக்கு 'ங்க' போட்டுப் பேசியிருக்கிறார், அதுகூட என் காதில் ஏறவில்லை. அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த வெறுப்பை இப்போது எழுதும்போதும் உணர முடிகிறது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "அதுக்கென்ன, அந்த ஒன்னக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதிக்க" என்றார்.

கிழிக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்றைக் கிழித்தால் மற்ற முப்பத்தொன்று? அவர்களும் யாருக்கோ அம்மாதான். அப்படியே சமர்ப்பித்தால் தேறிவிடுவேன், என் அம்மா பொய்யாகிவிடுவார். கிழித்து மாற்றினால் அம்மா காப்பாற்றப்படுவார், நான் பொய்யாகிவிடுவேன். அந்தப் பத்தொன்பதை அப்படியே வைத்துக்கொண்டு, அது ஏன் தவறு என்று காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்தது.

விரிவுரையாளரிடம் போய், தரவு செல்லாது, மறுபடி எடுக்கப் போகிறேன் என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"பைத்தியமா ஒங்களுக்கு? முப்பத்திரண்டு பேர் ஒரே பதில். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

"அதுதான் சேர் பிரச்சினை. முப்பத்திரண்டு பேர் எந்த விஷயத்துலயாவது ஒரே பதில் சொல்லுவாங்களா? கறிக்கு உப்புப் போதுமான்னு கேட்டாக்கூட நாலு பதில் வரும்."

"நேரம் இல்ல. அணியோட வெளிய போக முடியாமப் போயிரும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழ மாட்டேன் சேர்" என்றேன். வெளியே வந்து, கழிப்பறைக்குள் போய் அழுதேன். அவரிடம் போய்த்தானே அழக்கூடாது?

அழுது முடித்ததும் நூலகத்துக்குப் போனேன். அந்த 'அக்கறையின்மை' வாக்கியத்தை முதலில் யார் சொன்னது என்று தேடினேன். போன வருடக் கட்டுரை அதற்கு முந்தியதைக் காட்டியது, அது இன்னும் பழையதைக் காட்டியது. தூசு தட்டித் தட்டிக் கடைசிக்குப் போனால், அதில் எந்த அடிக்குறிப்பும் இல்லை. 'யாவரும் அறிந்ததே' என்று மட்டும் இருந்தது. யார் அந்த யாவரும்? ஒருவரும் ஒரு தாயிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது, நானும் கேட்ட லட்சணம் அது.

ஞாயிற்றுக்கிழமை பீலிக்குப் போனேன். மலையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் விழுகிற இடம்தான் பீலி, ஞாயிற்றில் லயத்துப் பெண்கள் எல்லாரும் உடுப்புத் துவைக்க அங்கே வந்துவிடுவார்கள். இந்த முறை படிவமும் இல்லை, பேனாவும் இல்லை. ஒரு வாளி அழுக்குத் துணியும் சவர்க்காரமும்தான். என் ஆய்வைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். யார் காரணம் என்று மட்டும் கேட்கவில்லை. எதிர்க் காம்பராக்காரியிடம், "அக்கா, மகள் போன வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகலையே, அன்னைக்குக் காலையில எழும்பினதுல இருந்து என்ன நடந்துச்சு?" என்றேன்.

"என்ன நடந்துச்சு? காம்பரா பூட்டு. சின்னவன யாருகிட்ட விடுறது? மூத்தவ நின்னா." துணியைக் கல்லில் அறைந்தார். "அவ அழுதுக்கிட்டேதான் நின்னா. அன்னைக்குப் பரீட்சை வேற. எனக்குக் கொழுந்துல கையே ஓடல."

அதன் பிறகு அவர்கள் பேச்சை நிறுத்த முடியவில்லை. அந்தப் பக்கம் துவைத்தவர் பேசினார், குளிக்க வந்தவர் பேசினார். பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஒருவர்தான், மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் அவரேதான். அவர் மேலே போகிற நாளில் கீழே பூட்டு. எந்த நாள் என்பது விடிந்த பிறகுதான் தெரியும். வேறு கதைகளும் வந்தன. பிள்ளைகளை ஏற்றாமல் போகிற பஸ், கணிதத்துக்கு ஆசிரியர் வராத மாதங்கள், ஒரு வீட்டில் குடித்துவிட்டுப் புத்தகத்தை எரித்த அப்பன். அதையும் விடாமல் எழுதினேன். எனக்குப் பிடிக்காததை மறைத்தால் எனக்கும் பழைய கட்டுரைகளுக்கும் வித்தியாசம் இல்லை. வீட்டுக்கு வந்து, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, ஞாபகம் இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதி, அடுத்த நாள் அவரவரிடம் வாசித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்டேன்.

பேச்சு மட்டும் போதாது என்பது தெரிந்திருந்தது. பாடசாலை அதிபரிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகளின் வரவைப் பதிகிற இடாப்பைப் பார்த்தேன். பிள்ளைக் காம்பரா அக்காவிடம் அவருடைய இடாப்பைக் கேட்டேன். பூட்டிய நாட்களில் கீழ் டிவிசன் பக்கத்தில் கோடு இழுத்து வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே கோடு விழுந்த நாட்களில்தான் இங்கே தம்பி தங்கச்சி உள்ள பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வரவில்லை. அண்ணன்மார் வந்திருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு இடாப்பு. இத்தனை வருடமாக இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாய்மொழிப் பரீட்சை நாளில், மேசைக்கு அந்தப் பக்கம் என் விரிவுரையாளரும், வேறு கல்லூரியிலிருந்து வந்த ஓர் அம்மையாரும் இருந்தார்கள். அவர் கட்டுரையைப் புரட்டினார். விரிவுரையாளர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"முதல்ல எடுத்த முப்பத்திரண்டு படிவத்தையும் நீங்களே நிராகரிச்சிருக்கீங்க. ஒங்களுக்குப் பிடிக்காத பதில் வந்தா நிராகரிக்கிறதா ஆய்வு?"

"நிராகரிச்சாலும் ஒன்னையும் ஒளிக்கல சேர். எல்லாத்தையும் பின்னிணைப்புல வச்சிருக்கேன்." பத்தொன்பதாவதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இது எங்க அம்மாவோடது. இதைக் காட்ட அவங்க சம்மதிச்சிருக்காங்க. இதுல உள்ளபடி அவங்களுக்கு என் படிப்புல அக்கறை இல்ல. இது உண்மைன்னா நான் இன்னைக்கு ஒங்க முன்னால இந்தக் கதிரையில உக்காந்திருக்க மாட்டேன்."

"ஒரு தாயை வச்சு வாதம் கட்ட முடியாது."

"கட்ட முடியாதுதான். அதனாலதான் வாதத்த ரெண்டு இடாப்பு மேல கட்டியிருக்கேன். அம்மாவோட படிவம் வேற ஒன்னுக்கு. அளக்குற கோல் பிழைன்னு காட்ட, பிழையா அளந்த ஒரு இடம் போதும்."

அந்த அம்மையார் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விரிவுரையாளர் படிவத்தைக் கையில் எடுத்தார்.

"எங்க அப்பா என்னைய பத்தாம் வகுப்போட நிப்பாட்டப் பார்த்தாரு" என்றார், யாரிடம் என்றில்லாமல். "நான் ஓடி வந்துதான் படிச்சேன். அக்கறையப் பத்தி எனக்குச் சொல்றீங்க."

எனக்கு அவர்மேல் அன்றைக்கு இரக்கம் வந்தது. ஆனாலும் விடவில்லை. "அது உண்மையா இருக்கலாம் சேர். ஆனா அது ஒரு படிவம். அதுக்கும் ஒரு எண் போடலாம். முப்பத்திரண்டு பேருக்கும் அதையே பதிலா எழுத முடியாது."

விரிவுரையாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முடிவுரையின் கடைசி வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடிழுத்தார். 'முதற்கட்டத் தரவில் வெளிப்படுவது பெற்றோரின் அக்கறையின்மை அல்ல, கேட்டவரின் அக்கறையின்மை. கேட்டவர் நான்' என்று எழுதியிருந்தேன்.

"இதை எடுத்துருங்க. ஆய்வுக்கு இந்த மொழி பொருந்தாது. எடுத்தா நல்ல புள்ளி போடலாம்."

"எடுக்காட்டி?"

"தேறலாம். அவ்வளவுதான்."

"தேறினாப் போதும் சேர்" என்றேன்.

தேறினேன். அணியோடுதான் வெளியே வந்தேன், பட்டியலின் அடியில். நானாவின் கடையில் கட்டுரைக்கு அட்டை கட்டும்போது, கம்ப்யூட்டரில் இதையும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். முடிவுரை கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு இதையும் காட்டுங்கள் என்றேன். "இத யாரு மகள் எடுப்பா? பேர மட்டும் மாத்த ஏலாதே" என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். தேறிவிட்டேன் என்றதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வை என்று சொல்லிக்கொண்டார். பிறகு கட்டுரையை வாங்கி, தாளை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"என்னோடதக் கிழிச்சிட்டியா?"

"இல்லம்மா. அப்படியேதான் இருக்கு. எண் பத்தொன்பது. நான் எழுதினத நான் அழிக்கக்கூடாது. அது ஏன் பிழைன்னு முன்னால எழுதியிருக்கேன்."

அம்மா அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, வாசிக்கத் தெரிந்த எழுத்துகளை மட்டும் கூட்டிப் பார்த்தார். கொழுந்துக் கறை தாளில் ஒட்டிவிடப் போகிறதே என்று நான் தடுக்கப் போய், தடுக்காமல் விட்டேன்.

"அப்ப இத எடுக்குறவங்க, நான் பெரட்டுல சொன்னதையும் வாசிக்கணும், நீ எழுதினதையும் வாசிக்கணும்?"

"ஆமாம்மா. ரெண்டையும்."

அம்மா கட்டுரையை மூடி என் கையில் கொடுத்தார்.

"வாசிக்கட்டும்."